வாஷிங் லைனில் ஒரு சாக்ஸபோன்

திருச்சி
3 ஆகஸ்ட் 2025

அம்மாவுக்கு,

போனில் பேச ஆரம்பித்தால் மூன்றாவது வாக்கியத்துக்குள் நீயோ நானோ வைத்துவிடுகிறோம். விடுதியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போனைக் கையில் தருகிறார்கள். அதையும் சண்டைக்குச் செலவழிக்க வேண்டாம் என்று எழுதுகிறேன். கடைசி வரை படி.

எனக்குச் சொந்தமாக ஒரு சோப்ரானோ சாக்ஸபோன் வேண்டும். இந்த இசைப் பள்ளியில் இருப்பது ஒன்றே ஒன்று. மூன்று மாணவர்கள் அதை மாற்றி மாற்றி ஊதுகிறோம். நவம்பரில் அடுத்த நிலை வகுப்பு தொடங்கும்போது கையில் வாத்தியம் இல்லாதவர்கள் வாய்ப்பாட்டுப் பக்கம் போய்விடலாம் என்று சுப்பராயன் சார் நேற்றுச் சொல்லிவிட்டார். நான் பாடி நீ கேட்டிருக்கிறாய். அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

நீ எனக்காக உன் ஒரகடம் கம்பெனியில் பேசி வைத்திருக்கும் ட்ரெய்னி வேலையும் நவம்பரில்தான். டிப்ளமோ முடித்த பிள்ளை குழலைத் தூக்கிக்கொண்டு அலைகிறாளே என்று உனக்கு இருக்கும். கிளம்பும் அன்று, வேலை முடிந்து வரும்போது உன்மேல் வரும் அந்த எண்ணெய் வாசனை என்மேலும் வர வேண்டாம் என்று சொன்னேன். சொன்ன விதம் தப்பு. ஆனால் சொன்னதை இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை.

அப்பா ஆன்லைனில் பார்த்து ஒரு படம் அனுப்பியிருந்தார். ஊதா நிறச் சாக்ஸபோன், கூடவே பை, வெள்ளைக் கையுறை, துடைக்கும் துணி. விலையும் குறைவு. தயவுசெய்து அது வேண்டாம். சாக்ஸபோன்களிலேயே பிடிவாதம் அதிகம் சோப்ரானோவுக்குத்தான். சின்னக் குழல், உதடு கொஞ்சம் தளர்ந்தாலும் சுருதி விலகிவிடும். அந்த மாதிரி மலிவான புதுசில் மேல் ஸ்தாயி ஒரு பக்கம் போகும், கீழ் ஸ்தாயி ஒரு பக்கம் போகும். தப்பு என்னுடையதா, குழலுடையதா என்றே எனக்குத் தெரியாது. கற்றுக்கொள்கிறவளுக்கு அது தெரிந்தே ஆக வேண்டும். நல்ல தயாரிப்பில் பழைய குழல் ஒன்று, துளைகளை மூடித் திறக்கும் சாவிகள் வளையாமல், வாயில் வைக்கும் மவுத்பீஸ் ஒழுங்காக இருந்தால் போதும். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை.

சார் ஒரு முகவரி கொடுத்தார். பென்னலூரில் அந்தோணிமேரி என்று ஒரு அம்மா. அவர் வீட்டுக்காரர் சவரிமுத்து பேண்ட் செட்டில் வாசித்தவர், போன வருடம் இறந்துவிட்டார். நம் வீட்டுக்குப் பக்கம்தானே. ஒருமுறை போய்ப் பார்.

தென்றல்

*

இருங்காட்டுக்கோட்டை
16 ஆகஸ்ட் 2025

தென்றலுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறையும் அதிர்ச்சி குறையவில்லை. யாரோ ஒருவர் ஆயுள் முழுக்க எச்சில் படுத்திய குழலை, புதுசு கிடைக்கும்போது கேட்டு வாங்குவார்களா? நான் வேலை செய்வது குவாலிட்டியில். என் மேஜைக்கு வரும் பாகத்தில் ஒரு கீறல் இருந்தாலும் சிவப்புப் பெட்டிக்குள் போட்டுவிடுவேன். என்னிடம் போய் 'அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை' என்று எழுதுகிறாய்.

ஆனாலும் போனேன். நேற்று சுதந்திர தின லீவு. உன் அப்பாவுக்கும் கம்பெனி பஸ் ஓட்டும் வேலை இல்லை, கூட வந்தார். வழி முழுக்க ஒரே கேலி. "ஏன் காந்தி, என் பஸ்ல கீற ஹாரனக் கழட்டிக் குடுத்தா புள்ள ஊதாதா?" என்று என்னிடம் கேட்டார்.

அந்தோணிமேரி கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துத் திறந்தார். பீடியும் பூசணமும் கலந்து ஒரு வாடை வந்தது. குழல் முழுக்கப் பச்சையும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதை அவர் பார்த்துவிட்டார்.

"பாக்கத்தான் இப்டி கீது. அவுரு ஊதுனா பொணமே ஒரு தபா திரும்பிப் பாக்கும்" என்றார்.

நீ சொன்னபடி சாவிகளைப் பார்த்தேன். ஒன்றும் வளையவில்லை. குழலும் நேராக இருந்தது. அதெல்லாம் எனக்குக் கண்ணாலேயே தெரியும். விலையை நாங்கள் பயந்ததைவிடக் குறைத்தே சொன்னார். அதற்குப் பதில் ஒரு நிபந்தனை வைத்தார். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். குடும்பம் குடும்பமாக வந்து மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபம் செய்யும் நாள். சவரிமுத்து இருந்தவரை அன்று கல்லறை கல்லறையாகப் போய் ஊதுவாராம். இந்த வருடம் அவர் கல்லறையில் அவர் குழலை நீ ஊத வேண்டும். "உம் பொண்ணு வந்து ஒரு பாட்டு ஊதட்டும். ஊதலன்னா குழலத் திருப்பிக் குடுத்துடு, துட்ட நான் திருப்பிக் குடுத்துடறேன்" என்றார். எந்தப் பாட்டு என்று கேட்டேன். எதுவானாலும் சரி, அழ வைக்கிற பாட்டு மட்டும் வேண்டாமாம்.

உன்னைக் கேட்காமலே சரி என்று சொல்லிவிட்டேன். குழல் இப்போது நம் பீரோவில் இருக்கிறது. பீரோவைத் திறந்தால் சேலையெல்லாம் பீடி நாற்றம். நவம்பர் ட்ரெய்னி பேட்ச் விஷயத்தில் நான் யாரிடமும் எதுவும் மாற்றிச் சொல்லவில்லை. அதையும் நினைவில் வை.

அம்மா

*

திருச்சி
23 ஆகஸ்ட் 2025

அம்மா,

நீ போவாய் என்று நான் நினைக்கவே இல்லை. கடிதத்தை வைத்துக்கொண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். கல்லறையில் வாசிக்க எனக்குச் சம்மதம். சாரிடம் கேட்டு ஒரு மாதா பாட்டு எடுத்துக்கொண்டேன், துள்ளலான பாட்டு.

ஒன்றே ஒன்று. அதை அப்படியே பெட்டியில் வைத்திரு. தண்ணீர் மட்டும் பட வேண்டாம். சாவிகளுக்கு அடியில் வட்ட வட்டமாகத் தோல் ஒட்டிய பேடுகள் இருக்கும். துளையை மூடுவது அதுதான். உள்ளே கம்பளி, அரக்கு வைத்து ஒட்டியிருப்பார்கள். நனைந்தால் உப்பிப்போகும். உனக்கு அழுக்கைக் கண்டால் கை சும்மா இருக்காது, அதனால் சொல்கிறேன். ஆயுத பூஜை லீவில் வந்து நானே துடைத்துக்கொள்கிறேன்.

தென்றல்

*

இருங்காட்டுக்கோட்டை
24 ஆகஸ்ட் 2025

தென்றலுக்கு,

உன் பதில் இன்னும் வரவில்லை. ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உன் குழலைப் பார்த்தால் உனக்கே அடையாளம் தெரியாது.

அந்த நாற்றத்தோடு உன் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் கம்பெனியில் எந்தப் பாகமும் வாஷிங் லைன் போகாமல் என் மேஜைக்கு வராது என்று உனக்குத் தெரியும். கொதிக்கக் கொதிக்கக் காரத் தண்ணீர் நாலு பக்கமும் பீய்ச்சி அடிக்கும், பிறகு சூடான காற்று, கடைசியில் துரு பிடிக்காமல் இருக்க ஒரு எண்ணெய் முக்கு. நேற்று ஷிப்ட் முடிந்ததும் பையிலிருந்து குழலை எடுத்துப் புருஷோத்தமனிடம் கொடுத்தேன். வாஷிங் லைன் ஆபரேட்டர். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மேடம், இது எந்த மாடல் பார்ட்டு? ட்ராயிங்கே வரலியே" என்றான். பேசாமல் கூடையில் வை என்றேன்.

மவுத்பீஸை மட்டும் கழற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அதுதான் முக்கியம் என்று நீ எழுதியிருந்தாய், அது பிளாஸ்டிக் மாதிரியும் இருந்தது.

குழல் வெளியே வந்தபோது லைனில் இருந்தவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். தங்கம் மாதிரி இருந்தது. ஒரு புள்ளிப் பச்சை இல்லை. பீடி நாற்றம் போன இடம் தெரியவில்லை. சில சாவிகளின் அடியிலிருந்து அழுக்கு வட்டு வட்டாக உதிர்ந்து கூடையில் கிடந்தது. அவ்வளவு வருடத்து அழுக்கு. புருஷோத்தமன் அதையும் கூட்டித் தள்ளிவிட்டான்.

உனக்காக நான் ஒன்றுமே செய்வதில்லை என்று போன மாதம் சொன்னாயே. இதைச் சொல்ல வேண்டும் போல் இருந்தது.

அம்மா

*

திருச்சி
30 ஆகஸ்ட் 2025

அந்த வட்டுகள் அழுக்கு இல்லை, அம்மா. அவைதான் பேடுகள். அவை இல்லாவிட்டால் அது சாக்ஸபோன் இல்லை, ஓட்டை விழுந்த பித்தளைக் குழாய்.

சாரிடம் சொன்னேன். அவர் முதலில் நம்பவே இல்லை. என்னோடு ஊதும் லிசா இதைக் கேட்டு அழுதாள். எனக்கு அழுகைகூட வரவில்லை.

நீ கெமிஸ்ட்ரி படித்தவள். பித்தளைக்கு ஏது துரு? எதற்கு எண்ணெய்? இனி அந்தக் குழலை எடுத்தால் உன் கம்பெனி வாசனைதான் வரும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். வேண்டுமென்றே செய்தாயா? நவம்பரில் நான் உன் கம்பெனி கேட்டில் வந்து நிற்க வேண்டும் என்று?

தென்றல்

*

இருங்காட்டுக்கோட்டை
7 செப்டம்பர் 2025

தென்றலுக்கு,

தண்ணீர் பட வேண்டாம் என்று நீ எழுதிய கடிதம், நான் கழுவியதைப் பெருமையாக எழுதித் தபாலில் போட்டு இரண்டு நாள் கழித்துத்தான் என் கைக்கு வந்தது. வாசல்படியில் நின்றே படித்தேன். அப்புறம் உள்ளே போக மறந்துபோய், பால் பொங்கி அடுப்பு அணைந்து, உன் அப்பா வந்து சத்தம் போட்டபோதுதான் அசைந்தேன்.

வேண்டுமென்றே செய்யவில்லை. ஆனால் நீ கேட்டுவிட்டதால் ஒன்றைச் சொல்கிறேன். 'அது சாக்ஸபோன் இல்லை' என்ற உன் வரியைப் படித்ததும் எனக்குள் ஒன்று வந்தது. வருத்தம் என்றுதான் நினைத்தேன். வேலைக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தபோது தெரிந்தது, அது நிம்மதி. பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுவாள் என்கிற நிம்மதி. கொஞ்ச நேரம்தான் இருந்தது. ஆனால் இருந்தது. எனக்குள் இப்படி ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்பது குழல் கெட்டதைவிட எனக்குப் பெரிய அதிர்ச்சி. இதை உன்னிடம் சொல்லாமல் மன்னிப்புக் கேட்டால் அது பாதிப் பொய்.

நேற்று பென்னலூர் போனேன். அந்தோணிமேரியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எது வேண்டுமானாலும் திட்டட்டும் என்று போய், குழலை எடுத்துக் காட்டினேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கழுவிட்டியா? கல்யாணம் ஆன நாள்லேந்து நான் கழுவணும்னு சொல்லிக்கினே கீறேன். கிட்ட வந்தா கையி இருக்காதுன்னு சொல்லுவாரு அந்தாளு. நீ மெஷின்ல போட்டு எடுத்துட்டியா!"

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பா கொண்டுவந்து கொடுத்தார். சவரிமுத்து வாங்கி வைத்திருந்த புதுப் பேடுகளும், உடைத்த அரக்குத் துண்டுகளும். அவரே அவ்வப்போது மாற்றிக்கொள்வாராம். "ஒட்டிக்கோ. ஆனா கல்லறைத் திருநாளு கல்லறைத் திருநாளுதான்" என்றார்.

ஒட்டுவது எப்படி என்று சாரிடம் கேட்டு எழுது. என்மேல் கோபம் இருந்தால் அதையும் அடுத்த பக்கத்தில் எழுது. முதல் பக்கத்தில் ஒட்டுவதைப் பற்றி எழுது.

அம்மா

*

திருச்சி
21 செப்டம்பர் 2025

அம்மா,

முதல் பக்கம்.

சாவிக் கிண்ணத்தை லேசாகச் சூடாக்கி, அரக்கை உருக்கி, பேடை வைத்து, துளைமேல் சமமாக உட்கார வைக்க வேண்டும். தலைமுடி அளவு சாய்ந்தாலும் காற்று கசியும். எங்கோ ஒரு பேட் கசிந்தால் அதற்குக் கீழே உள்ள எந்தச் சுரமும் வராது. சாதாரணமாக இதற்கென்று இருப்பவர்களிடம்தான் கொடுப்பார்கள், ஆனால் அவர்கள் வரிசை தீபாவளி தாண்டும் என்றார் சார். இன்னொன்றும் சொன்னார். சாவிகளைத் தூக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் எல்லாம் எஃகு ஊசி. அந்தக் காரத் தண்ணீருக்கு அவை துருப்பிடித்து உடைந்திருக்க வேண்டுமாம். எண்ணெய்தான் காப்பாற்றியிருக்கிறது. அதைக் கேட்டு எனக்குக் கோபம் இன்னும் அதிகமானது.

அடுத்த பக்கம்.

அந்த நிம்மதியைப் பற்றி நீ எழுதாமல் விட்டிருக்கலாம். எனக்குத் தெரிந்தே இருக்காது. படித்துவிட்டுக் கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்தேன், பிறகு அங்கிருந்தும் எடுத்துப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். என்னால் அதை மறக்கவும் முடியவில்லை, உன்னை வெறுக்கவும் முடியவில்லை. ஆயுத பூஜைக்கு வர மாட்டேன். குழல் சரியாகாவிட்டால் சொல்லிவிடு. நவம்பரில் ட்ரெய்னியாகச் சேருகிறேன். வாய்ப்பாட்டு வகுப்பில் உட்கார்ந்து மற்றவர்களைக் கொல்ல எனக்கு விருப்பமில்லை.

தென்றல்

*

இருங்காட்டுக்கோட்டை
5 அக்டோபர் 2025

தென்றலுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே ஆரம்பித்தேன். முதலில் ஒட்டியவை எல்லாம் வீண். எது கசிகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கம்பெனியில் என்றால் காற்றழுத்தம் வைத்துப் பார்க்கும் மெஷின் இருக்கிறது. அதன் பக்கம் போகவே இல்லை. ஒருமுறை கம்பெனி மெஷினை நம்பியது போதும்.

ஆயுத பூஜைக்கு உன் அப்பா பஸ்ஸுக்குக் கட்டிய சீரியல் லைட்டைப் பார்த்தபோதுதான் தோன்றியது. கதவு ஜன்னலை எல்லாம் அடைத்து, அறையை இருட்டாக்கி, அந்த ஒயரைக் குழலுக்குள் விட்டேன். சாவிகளை அழுத்தினால் எங்கே பேட் சரியாக உட்காரவில்லையோ அங்கே ஒரு கோடு வெளிச்சம் வந்தது. சிவப்பு, பச்சை, நீலம் மாறி மாறி. உன் அப்பா கதவைத் திறந்து, "இன்னாடி இது, குழலுக்குக் கல்யாணமா?" என்றார். வெளிச்சம் நிற்கும்வரை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒட்டினேன். இது என் வேலை, தென்றல். கசிவைக் கண்டுபிடிப்பது எனக்குத் தெரிந்த வேலை.

சரிபார்க்க ஊதித்தானே ஆக வேண்டும். மவுத்பீஸை மாட்டி ஊதினேன். முதலில் வெறும் காற்று. அப்புறம் ஒரு சத்தம் வந்தது. மாடியில் குடியிருக்கும் பையன்கள் இறங்கி வந்து, அக்கா, ஏதாவது லாரி கேட்டில் இடித்துவிட்டதா என்று கேட்டார்கள். நெஞ்சில் இருந்த காற்று குழலுக்குள் போய் இத்தனை பெரிதாக வெளியே வரும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நீ எதற்காக வீட்டை விட்டுப் போனாய் என்று அன்று கொஞ்சம் தெரிந்தது. எல்லாம் தெரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

கடைசி இரண்டு சுரம் இன்னும் சில நேரம் வருகிறது, சில நேரம் வரவில்லை. எண்ணெய் வாசனையும் போகவில்லை. எவ்வளவு துடைத்தும் போகவில்லை.

எச்.ஆரில் போய் நவம்பர் பேட்சிலிருந்து உன் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டேன். இரண்டு சுரம் வராமல் இருக்கும்போதே சொன்னேன். எல்லாம் சரியான பிறகு சொல்வதில் ஒன்றுமில்லை என்று தோன்றியது.

அம்மா

*

திருச்சி
9 நவம்பர் 2025

அம்மா,

கல்லறைத் திருநாள் அன்று நீ உள்ளே வரவே இல்லை. மதில் ஓரத்தில் அப்பாவின் பஸ்ஸுக்குப் பின்னால் நின்றாய். திரும்பி வரும்போதும் நான் எதுவும் பேசவில்லை, நீயும் கேட்கவில்லை. அதனால் நீ பார்க்காததை எழுதுகிறேன்.

மெழுகுவர்த்திகளுக்கு நடுவே நின்று ஊத ஆரம்பித்தேன். நன்றாகவே போனது. பக்கத்துக் கல்லறைக்காரர்களும் வந்து நின்றார்கள். பாட்டின் நடுவில் கீழே இறங்க வேண்டிய இடத்தில் அந்தக் கடைசிச் சுரம் வரவில்லை. காற்று மட்டும் வந்தது. நான் நிறுத்திவிட்டேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அந்த அம்மா குழலைத் திருப்பிக் கேட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

அந்தோணிமேரி கண்ணை மூடிக்கொண்டே, "அவுருக்கும் அங்கதான் நிக்கும். நீ மேல போ" என்றார்.

மேலே போனேன். முடித்தேன்.

கூட்டம் கலைந்த பிறகு குழலைக் கேட்டு வாங்கினார். துணியால் துடைப்பார் என்று பார்த்தேன். முகத்துக்கு அருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். உன்னிடம் அப்படிச் சிரித்தவர்தானே. அன்று அவர் முகம் அப்படியே நின்றுவிட்டது. இன்னொரு முறை முகர்ந்தார், கீழ் வாயிலும் மேல் வாயிலும். பீடி வாசனையைத் தேடுகிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அது போய்விட்டது என்று உன்னிடம் கேட்டுச் சிரித்தவருக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"இது இன்னா வாசன?" என்று கேட்டார்.

எண்ணெய் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வாயில் வந்தது வேறு. "எங்கம்மா வேலைக்குப் போயிட்டு வந்தா வர்ற வாசனை" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் குழலை மடியிலேயே வைத்திருந்தார். பிறகு அவரே பெட்டியில் வைத்து மூடி, என் கையில் கொடுத்தார். "அப்ப செரி. எடுத்துனு போ" என்றார்.

புதன்கிழமை அடுத்த நிலை வகுப்பு தொடங்கியது. சார் அந்தக் கடைசிப் பேடை மட்டும் மாற்றி உட்கார வைத்தார். மற்றது எதையும் தொடவில்லை, யார் ஒட்டியது என்று மட்டும் கேட்டார். சொன்னேன்.

விடுதியில் பெட்டியைத் திறந்தால் அறை முழுக்க அந்த வாசனைதான். லிசா மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைத் திறக்கட்டுமா என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன்.

தென்றல்